கட்டம் திரையில், நேரம் தரவுத்தளத்தில்: முன்பதிவுத் திரை வடிவமைப்புக்கு ஓர் எளிய அறிமுகம்

கூட்ட அறை, வண்டி, ஆய்வகக் கருவி, மருத்துவரின் நேரம் என்று பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் எதற்கும், யார், எப்போது, எவ்வளவு நேரம் என்று காட்டும் ஒரு திரை வேண்டும். இடப்பக்கம் பெயர்கள் கீழ்நோக்கி இறங்கும், மேலே நேரம் குறுக்காக ஓடும், நடுவில் வண்ணப் பட்டைகள் இருக்கும். பட்டையை மவுஸால் பிடித்து இழுத்தால் முன்பதிவு நகரும். அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நீளும்.

பார்ப்பதற்கு எளிதாக இருப்பதாலோ என்னவோ, இதைப் பற்றிய பேச்சும் மேலோட்டமாகவே நடக்கிறது. "நல்ல காலண்டர் கம்போனென்ட் (தயாராகக் கிடைக்கும் நிரல் துண்டு) ஒன்றை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது" என்பார்கள் சிலர். "திரையில் இருக்கிற மாதிரியே கட்டம் கட்டமாக ஒரு டேபிள் போட்டு நிரப்பினால் போதும்" என்பார்கள் வேறு சிலர். முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதை நம்பி இறங்கினால், சீக்கிரமே எல்லாவற்றையும் பிரித்து மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

## மாத்திரைப் பெட்டியும் துணிக்கொடியும்

மாத்திரைப் பெட்டியில் காலை, மதியம், இரவு என்று அறைகள் முன்கூட்டியே பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஏதாவது இருக்கும், அல்லது காலியாக இருக்கும். துணிக்கொடியில் அப்படி அறைகள் கிடையாது. போர்வை நீளமாக இடம் பிடிக்கும், கைக்குட்டை கொஞ்சமாகப் பிடிக்கும். புதிதாக ஒரு துணி போட வேண்டுமானால், அந்த அகலத்துக்குக் கொடியில் காலி இடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

திரையில் கோடு கிழித்திருப்பதால் பலரும் தரவையும் மாத்திரைப் பெட்டியாக நினைத்துவிடுகிறார்கள். அரை மணிக்கு ஓர் அறை என்று வைத்து 40 வளங்களுக்கு (கூட்ட அறை, வண்டி போன்றவை) ஓராண்டு அறைகளை உருவாக்கினால் 40 × 365 × 48 = 7,00,800 வரிகள். கால் மணி என்றால் அதன் இரு மடங்கு. வரிகளின் எண்ணிக்கையைத் தரவுத்தளம் தாங்கிவிடும். தாங்காதது மாற்றங்களைத்தான். 10:10 முதல் 10:50 வரை ஒருவர் கேட்டால் எந்த அறையில் எழுதுவது? இரண்டு மணி நேர முன்பதிவை நகர்த்த நான்கு வரிகளைக் காலி செய்து வேறு நான்கை நிரப்ப வேண்டும். நடுவில் ஏதாவது தடைபட்டால் பாதிக் கூட்டம் காலையிலும் பாதி மதியத்திலும் இருக்கும். நாளைக்கே அரை மணியை இருபது நிமிடமாக மாற்றச் சொன்னால், பழைய தரவு முழுவதும் ஒத்துவராமல் போகும்.

ஆகவே தரவைத் துணிக்கொடியாகவே வைக்க வேண்டும். இங்கே மூன்று சொற்களைப் பொருள் பிசகாமல் பிடித்துக்கொள்வது நல்லது. பங்கிட்டுப் பயன்படும் பொருளோ ஆளோ இடமோ வளம். ஒரு தொடக்க நேரத்துக்கும் ஒரு முடிவு நேரத்துக்கும் நடுவில் உள்ள காலம் இடைவெளி. ஒரு வளத்தை ஓர் இடைவெளிக்கு ஒருவருக்கென ஒதுக்குவது முன்பதிவு. கொடிதான் வளம், துணிதான் முன்பதிவு.

அறைகள் நிஜமாகவே மாறாதவை என்றால் (பள்ளிப் பாடவேளைகள் போல) மாத்திரைப் பெட்டி முறையில் தவறில்லை. அது விதிவிலக்கு.

## டேபிளில் என்ன இருக்க வேண்டும்

குறைந்தபட்சம் இரண்டு டேபிள்கள் வேண்டும். "வளங்கள்" டேபிளில் எண், பெயர், வகை. "முன்பதிவுகள்" டேபிளில் எண், வளத்தின் எண், தொடக்கம், முடிவு, நிலை (தற்காலிகம், உறுதி, ரத்து), யாருக்காக என்பது, கூடவே ஒரு பதிப்பு எண். பதிப்பு எண் எதற்கு என்பது பின்னால் வரும். ஒரே முன்பதிவுக்கு அறையும் புரொஜெக்டரும் சேர்த்து வேண்டும் என்றால், வளத்தின் எண்ணை எடுத்துவிட்டு, எந்த முன்பதிவுக்கு எந்தெந்த வளம் என்று சொல்லும் மூன்றாவது டேபிள் ஒன்று தேவைப்படும்.

"முடிவு, தொடக்கத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்" என்ற விதியைத் தரவுத்தளத்திலேயே எழுதிவிட வேண்டும். பட்டையின் வலது ஓரத்தை இடது ஓரத்தையும் தாண்டி இழுக்கிறவர் யாராவது ஒருவர் இருப்பார்.

அடுத்த முடிவு சின்னதாகத் தெரியும், ஆனால் பாதிப் பிழைகள் இதில்தான் பிறக்கின்றன. 10 மணி முதல் 11 மணி வரை என்றால், சரியாக 11:00 என்ற கணம் யாருக்குச் சொந்தம்? தொடக்கம் இடைவெளிக்குள் சேரும், முடிவு சேராது என்று வைத்துக்கொள்வதே வழக்கம். இதைத்தான் அரைத்திறந்த இடைவெளி என்கிறோம். அப்போது 10–11 கூட்டமும் 11–12 கூட்டமும் உரசாமல் அடுத்தடுத்து உட்காரும். இதைச் செய்யாமல் முடிவை 10:59 என்று சேமிப்பவர்கள் உண்டு. கால அளவு 59 நிமிடம் என்று வரும், அறிக்கைகளில் கூட்டல் தப்பும், யாரும் கேட்காத ஒரு நிமிடம் ஒவ்வொரு மணிக்கும் காலியாகக் கிடக்கும்.

நாள் கணக்கில் ஒதுக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். "3ஆம் தேதி முதல் 5ஆம் தேதி வரை வண்டி வேண்டும்" என்பவர் 5ஆம் தேதியையும் சேர்த்தே சொல்கிறார். தரவில் முடிவு 6ஆம் தேதி என்று சேமித்து, திரையில் 5 என்று காட்ட வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலை நிரலில் ஒரே ஒரு ஃபங்ஷனில் (தனிப் பகுதியில்) வைக்காவிட்டால், ஒரு திரையில் 5 என்றும் இன்னொன்றில் 6 என்றும் காட்டும்.

## மோதலைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வரி

இரண்டு இடைவெளிகள் ஒன்றுக்கொன்று எத்தனை விதமாக அமையலாம்? ஜேம்ஸ் ஆலன் 1983இல் இதை வகைப்படுத்தி மொத்தம் 13 என்று காட்டினார்: முன்னால், ஒட்டி, மேற்பொருந்தி, உள்ளே, சமமாக என்று போகும். புதிதாக எழுதுபவர்கள் இவற்றில் நினைவுக்கு வரும் நாலைந்தை வரிசையாகச் சோதிப்பார்கள். அதில் அடிக்கடி விடுபடுவது, புதிய முன்பதிவு பழையதை முழுவதுமாக விழுங்கும் நிலை. பழையது 10–11, புதியது 9–12. புதியதன் தொடக்கமும் பழையதற்குள் இல்லை, முடிவும் இல்லை. அதனால் "மோதல் இல்லை" என்று சொல்லிவிடும்.

கேள்வியைத் திருப்பிப் போட்டால் எளிதாகிவிடும். இரண்டும் எப்போது மோதாது? ஒன்று முடிந்த பிறகு மற்றது தொடங்கினால் மோதாது. அப்படி இல்லாத எல்லாமே மோதல். ஆக, மோதலுக்கான நிபந்தனை:

அ-வின் தொடக்கம் < ஆ-வின் முடிவு. கூடவே ஆ-வின் தொடக்கம் < அ-வின் முடிவு

10–11, 11–12 இரண்டையும் இதில் போட்டுப் பாருங்கள். 10 < 12 சரி. 11 < 11 தவறு. எனவே மோதல் இல்லை. 9–12, 10–11 என்றால் 9 < 11 சரி, 10 < 12 சரி. மோதல். இங்கே "<" என்பதை "≤" என்று எழுதிவிட்டால் அடுத்தடுத்த கூட்டங்கள் எல்லாம் மோதுவதாகக் காட்டும்.

சோதிக்கும்போது ரத்தானவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நகர்த்தப்படும் முன்பதிவையும் விலக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பட்டையைக் கால் மணி தள்ளினாலும் அது தன் பழைய இடத்தோடு தானே மோதும்.

திரைக்குத் தரவைக் கொண்டுவரவும் இதே வரிதான். இந்த வாரத்தைக் காட்ட "தொடக்கம் இந்த வாரத்துக்குள் இருப்பவை" என்று கேட்டால், போன வெள்ளிக்கிழமை தொடங்கி இந்தப் புதன்கிழமை முடியும் முன்பதிவு வராது. அந்த இடம் காலியாகத் தெரியும், யாராவது அங்கே பதிய முயல்வார்கள், "இடமில்லை" என்று பதில் வரும். வாரத்தையே ஓர் இடைவெளியாக வைத்து, அதோடு "மோதும்" முன்பதிவுகளைக் கேட்பதுதான் சரி.

இதுவரை பார்த்தது: தரவு என்பது தொடக்கமும் முடிவும் கொண்ட இடைவெளிகள். முடிவு நேரம் இடைவெளிக்குள் சேராது. மோதலா என்று பார்க்க இரண்டு ஒப்பீடுகள் போதும்.

## நேரத்தைப் பிக்சலாக்குவது

கட்டம் திரையில் மட்டும்தான் என்றால், பட்டை எங்கே உட்கார வேண்டும் என்று கணக்கிட வேண்டும். ஒரு அளவுகோல் போதும். காலை 8 முதல் இரவு 8 வரை 12 மணி நேரம், அதாவது 720 நிமிடம். திரையில் 1440 பிக்சல் அகலம் ஒதுக்கினால் நிமிடத்துக்கு 2 பிக்சல். 10:30 முதல் 11:45 வரையான முன்பதிவு, இடது விளிம்பிலிருந்து 150 × 2 = 300 பிக்சலில் தொடங்கி, 75 × 2 = 150 பிக்சல் அகலம் பிடிக்கும்.

இழுக்கும்போது கணக்கு பின்னோக்கிப் போகும். பட்டையின் இடது ஓரம் 437 பிக்சலில் விடப்பட்டால் அது 218.5 நிமிடம். யாரும் 11:38க்குக் கூட்டம் வைப்பதில்லை என்பதால் அருகிலுள்ள கால் மணிக்கு இழுத்துப் பொருத்துகிறோம். 218.5 ஐ 15ஆல் வகுத்தால் 14.57, முழுமையாக்கினால் 15, அதாவது 225 நிமிடம், மணி 11:45. இப்படிப் பக்கத்து அளவில் ஒட்டவைப்பதற்கு ஸ்னாப் என்று பெயர். ஸ்னாப் செய்ய வேண்டியது பட்டையின் தொடக்கத்தை, மவுஸ் முனையை அல்ல. பட்டையின் நடுவில் பிடித்து இழுப்பவருக்கு, பிடித்த இடத்துக்கும் பட்டையின் இடது ஓரத்துக்கும் உள்ள தூரத்தைக் குறித்துவைத்துக் கழிக்க வேண்டும். அதை மறந்தால், தொட்டவுடன் பட்டை வலப்பக்கம் துள்ளும்.

வாரக் காட்சியில் இதே 1440 பிக்சலில் ஏழு நாள், நாளுக்கு 12 மணி நேரம் வீதம் 5040 நிமிடம். கால் மணிக்குச் சுமார் நாலேகால் பிக்சல்தான் தேறும். அதில் எவராலும் குறிபார்த்து இழுக்க முடியாது. அங்கே நாள் மாற்றத்துக்கு மட்டும் இழுப்பதை அனுமதித்து, நேரத்தைப் படிவத்தில் தட்டச்சு செய்ய விடுவதே நல்லது. எல்லாக் காட்சியிலும் எல்லாமும் இழுபட வேண்டும் என்ற ஆசைதான் இத்தகைய திரைகளைக் கெடுப்பது.

கோடுகளைப் பின்னணிப் படமாக வரைந்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் தனி உறுப்பாக வைத்தால் 40 வரிசைக்கும் கால் மணி வீதம் 48 நெடுக்கைக்கும் 1920 வெற்றுப் பெட்டிகள் சேரும், உருட்டும்போது திரை திணறும். சிறு தரவுத்தளங்களையும் அவற்றின் திரைகளையும் உருவாக்கும் மைக்ரோசாஃப்ட் அக்சஸில் இது திணறலோடு நிற்காது. அங்கே ஒரு ஃபார்மில் (திரையில்) அதன் ஆயுள் முழுக்கச் சேர்க்கக்கூடிய கன்ட்ரோல்களும் (பெட்டி, பட்டன் போன்றவை) பகுதிகளும் மொத்தம் 754தான், அழித்தவையும் கணக்கில் உண்டு. 31 நாளுக்கு 24 வரிசை வைத்தாலே 744 போய்விடும். தலைப்பு எழுதக்கூட இடமிருக்காது. தொடர் ஃபார்ம் ஒன்றில் 31 பெட்டிகளை மட்டும் வைத்து, வரிசைகளைத் தரவே உருவாக்கும்படி விட்டு, மதிப்பைப் பொறுத்துத் தோற்றத்தை மாற்றும் நிபந்தனை வடிவமைப்பால் நிறம் கொடுப்பது அங்கே ஒத்துவரும் வழி.

## இழுக்கும் அந்த மூன்று நொடி

மவுஸ் பட்டனை அழுத்தியவுடன் இழுவை தொடங்கிவிடக் கூடாது. கை நடுங்கினாலே ஓரிரு பிக்சல் நகரும். விவரம் பார்க்கக் கிளிக் செய்தவரின் கூட்டம் அவர் அறியாமலே தள்ளிப்போய்விடலாம். 4 அல்லது 5 பிக்சல் நகர்ந்த பிறகே அதை இழுவை என்று கொள்வது பாதுகாப்பு. இழுக்கும் வரை அசல் பட்டை மங்கலாக அதே இடத்தில் இருக்கட்டும், நிழல் பட்டை ஒன்று மட்டும் மவுஸோடு போகட்டும். அதன் மேல் "11:45 – 13:00" என்று நேரம் ஓடினால் கண் மேலே உள்ள அளவுகோலுக்குப் போய்வர வேண்டியதில்லை. எஸ்கேப் விசையைத் தட்டினால் எதுவும் நடக்காதது போலத் திரும்ப வேண்டும்.

மவுஸ் நகர்வு நொடிக்கு அறுபது முறைக்கு மேலும் பதிவாகலாம். ஒவ்வொன்றுக்கும் சர்வரிடம் "இங்கே இடமிருக்கிறதா" என்று கேட்பது வீண். திரையில் ஏற்கெனவே இருக்கும் முன்பதிவுகளோடு அந்த இரண்டு ஒப்பீட்டையும் உலாவியிலேயே செய்து, மோதினால் நிழலைச் சிவப்பாக்கினால் போதும். ஆனால் இது குறிப்பு மட்டுமே, தீர்ப்பு கிடையாது. திரையில் இருப்பது கொஞ்ச நேரத்துக்கு முந்தைய தரவு.

விட்டவுடன் சர்வருக்கு அனுப்ப வேண்டும். சர்வர் மறுத்தால் பட்டை பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். "பிழை ஏற்பட்டது" என்பது காரணம் ஆகாது. "இந்த அறை 12:30 முதல் 13:30 வரை ஒதுக்கப்பட்டுள்ளது" என்பது காரணம்.

## கடைசிச் சொல் தரவுத்தளத்துடையது

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஓர் அரங்கில் ஒரே ஒரு நாற்காலி காலி. இரண்டு வாசல்களிலிருந்தும் ஒவ்வொருவர் எட்டிப் பார்க்கிறார். இருவருக்கும் அது காலியாகவே தெரிகிறது, இருவரும் நடக்கிறார்கள். பார்த்ததில் தப்பில்லை. பார்த்ததற்கும் உட்கார்ந்ததற்கும் நடுவில் நேரம் இருந்ததுதான் சிக்கல். "முதலில் மோதல் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது" என்று எழுதப்பட்ட எந்த நிரலிலும் இந்த இடுக்கு உண்டு. இதற்கு போட்டி நிலை என்று பெயர்.

"இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் போட்டுவிட்டேன்" என்பது வழக்கமான பதில். பரிவர்த்தனை என்றால், பல மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது ஒன்றுமே நடக்காது என்று தரவுத்தளம் தரும் உறுதி. அது பாதியில் நிற்பதைத் தடுக்கும். ஆனால் பெரும்பாலான தரவுத்தளங்களின் வழக்கமான அமைப்பில், அது மட்டும் இந்த இருவரையும் தடுக்காது. இன்னும் உறுதியாகாத மற்றவரின் வரி இவருக்குத் தெரியாது, இவருடையது அவருக்கும் தெரியாது. இருவருக்கும் "காலி" என்றே பதில் வரும்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு நேரான வழி இருக்கிறது. 2010இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து விலக்குக் கட்டுப்பாடு என்ற வசதி உண்டு: "வளத்தின் எண் சமமாகவும் இடைவெளிகள் மேற்பொருந்தியும் இருக்கும் இரண்டு வரிகள் இந்த டேபிளில் இருக்கவே கூடாது" என்று ஒருமுறை சொல்லிவிடலாம். 2012இல் வந்த 9.2 பதிப்பு இடைவெளியையே ஒரு தரவு வகையாகத் தந்ததால் எழுதுவது இன்னும் எளிதானது. ரத்தானவற்றை விதியிலிருந்து விலக்கவும் முடியும். இரண்டாவதாக வருபவருக்குத் தரவுத்தளமே பிழை காட்டும். நம் நிரலின் வேலை அந்தப் பிழையைப் பிடித்து நல்ல வாக்கியமாக மாற்றுவது மட்டும்.

மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களில் இந்த வசதி இல்லை. அங்கே பூட்டு வைக்க வேண்டும். எதைப் பூட்டுவது என்பதில்தான் தடுக்கி விழுவார்கள். முன்பதிவு டேபிளில் பூட்டலாம் என்றால், இன்னும் எழுதப்படாத வரியைப் பூட்ட முடியாது. எனவே "வளங்கள்" டேபிளில் அந்த வளத்துக்குரிய ஒரு வரியைப் பூட்டி, பிறகு மோதலைச் சோதித்து, பிறகு எழுதி, பரிவர்த்தனையை முடிக்க வேண்டும். அதே வளத்தைக் கேட்கும் அடுத்தவர் இது முடியும் வரை வாசலில் நிற்பார். எழுதும் எல்லா நிரலும் இதே ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும் என்பது இதன் பலவீனம்: இரவில் ஓடும் இறக்குமதி நிரல் ஒன்று பூட்டாமல் எழுதினால் காவல் போயிற்று. ஒரே முன்பதிவுக்கு இரண்டு மூன்று வளங்கள் தேவைப்பட்டால், எப்போதும் வள எண்ணின் ஏறுவரிசையிலேயே பூட்ட வேண்டும். ஒருவர் அறையைப் பூட்டிப் புரொஜெக்டருக்கும், மற்றவர் புரொஜெக்டரைப் பூட்டி அறைக்கும் காத்திருந்தால் இருவரும் நகர மாட்டார்கள். அதுதான் முட்டுக்கட்டை.

இனி அந்தப் பதிப்பு எண். ஒரே பட்டையை ஒருவர் மதியத்துக்கு நகர்த்துகிறார். பழைய திரையை வைத்திருக்கும் இன்னொருவர் அதை நாளைக்கு நகர்த்துகிறார். மோதல் எதுவும் இல்லை, ஆனால் முதலாமவரின் மாற்றம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி, "எண் இது, பதிப்பு 7 ஆக இருந்தால் மட்டும் மாற்று" என்று கேட்க வேண்டும். மாறிய வரிகள் பூஜ்யம் என்று வந்தால், இடையில் வேறு யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பொருள்.

சுருக்கமாக: திரையின் சோதனை பயனருக்கு வழிகாட்ட. இரட்டைப் பதிவைத் தடுப்பது தரவுத்தளத்தின் கட்டுப்பாடோ பூட்டோதான்.

## ஒன்றுக்கு மேல் கொள்ளும் வளங்கள்

ஐந்து மடிக்கணினிகளை ஒரே வளமாக வைத்தால், "மோதும் முன்பதிவுகள் ஐந்துக்குக் குறைவா" என்று எண்ணுவது தவறு. இரண்டே கருவிகள் என்று வைத்துக்கொள்வோம். 9–10க்கு ஒன்று, 11–12க்கு ஒன்று ஏற்கெனவே போயிருக்கிறது. புதிதாக 9–12 கேட்டால் மோதுபவை இரண்டு. நிறைந்துவிட்டது என்று சொல்லிவிடும். ஆனால் எந்தக் கணத்திலும் ஒன்றுக்கு மேல் வெளியே இல்லை. தொடக்கம் ஒவ்வொன்றுக்கும் +1, முடிவு ஒவ்வொன்றுக்கும் −1 என்று நேர வரிசையில் கூட்டிக்கொண்டே போய் உச்சத்தைப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் வந்தால் −1 முதலில். கருவிகளுக்குத் தனித்தனி எண் ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், ஒவ்வொன்றையும் தனி வளமாக்கி ஆளுக்கொரு வரிசை கொடுத்துவிடலாம்.

## நேர மண்டலம், விசைப்பலகை

எல்லாவற்றையும் யு.டி.சி. (உலகப் பொது) நேரத்தில் சேமி என்ற அறிவுரை, நடந்து முடிந்தவற்றுக்கு நூறு சதவீதம் சரி. வருங்கால முன்பதிவுக்கு அது போதாது. அடுத்த ஆண்டு காலை 10 மணிக் கூட்டத்தை யு.டி.சி. ஆக மட்டும் வைத்திருக்க, இடையில் அந்நாட்டு அரசு கோடைக்கால நேர விதியை (கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் வழக்கத்தை) மாற்றிவிட்டால், திரை 9 அல்லது 11 என்று காட்டும். உள்ளூர் நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். கடிகாரம் மாறும் நாட்களுக்கு 23 அல்லது 25 மணி நேரம் என்பதால், "ஒரு நாள் = 1440 நிமிடம்" என்று எழுதிய பிக்சல் கணக்கும் அன்று பிசகும்.

இழுக்க முடியாதவர்களும் இந்தத் திரையைப் பயன்படுத்துவார்கள். 2023இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 அணுகல் வழிகாட்டி, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமல் ஒற்றைத் தொடுதல்களாலும் செய்ய முடிய வேண்டும் என்கிறது. தொடும் இலக்குகளுக்குக் குறைந்தபட்சம் 24 × 24 பிக்சல் என்றும் சொல்கிறது. பட்டையைத் தொட்டால் தொடக்கம், முடிவு, வளம் மூன்றையும் மாற்றும் ஒரு சிறு படிவம் திறந்தால், தொடுதலும் விசைப்பலகையும் சேர்ந்தே தீரும். சிவப்பு, பச்சை மட்டும் வைத்து நிலையைச் சொல்லாமல், தற்காலிகப் பதிவுக்குக் கோடிட்ட பட்டை, உறுதியானதற்கு நிரப்பிய பட்டை என்று வடிவத்திலும் வேறுபாடு காட்ட வேண்டும்.

## ஓட்டிப் பார்க்கும்போது

அடுத்தடுத்த இரண்டு கூட்டங்கள், ஒன்றை முழுதாக விழுங்கும் இன்னொன்று, நள்ளிரவைத் தாண்டுவது, வாரத்தைத் தாண்டுவது, ஐந்தே நிமிடம் நீள்வது: இந்த ஐந்து மாதிரிகளையும் தரவில் போட்டுவிட்டுத்தான் திரையைத் திறக்க வேண்டும். பிறகு இரண்டு உலாவிகளை அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் சேமித்தபின் மற்றதைப் புதுப்பிக்காமலேயே சேமித்துப் பாருங்கள். இது எளிய சோதனை. கடினமானது, இரண்டு கோரிக்கைகளையும் ஒரு சிறு நிரலால் ஒரே நேரத்தில் அனுப்புவதை, ஒவ்வொரு முறையும் வேறொரு காலி இடத்துக்கு, நூறு முறை செய்வது. ஒவ்வொரு முறையும் ஒன்று ஏற்கப்பட்டு ஒன்று மறுக்கப்பட வேண்டும். நூறில் ஒரு தடவை இரண்டும் ஏற்கப்பட்டாலும், திரையில் தேடிப் பயனில்லை, பூட்டையோ கட்டுப்பாட்டையோதான் திறந்து பார்க்க வேண்டும்.